‘இரட்டையாக இருக்கலாம்’: சென்னை, கோடைக்கானல் வான்நோக்ககங்களில் மாறொளி விண்மீன் ஆய்வின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ஒளி கூடியும் குறைந்தும் தோன்றும் விண்மீன்களை நோக்கும் பணி தமிழகத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை வான்நோக்ககத்தில் வேரூன்றியது. 1899இல் அந்நிறுவனம் கோடைக்கானலுக்கு இடம்பெயர்ந்தபோது அப்பணி ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் பின்தள்ளப்பட்டு, 1960களில் வேறு வடிவில் மீண்டது. கோடைக்கானல் ஞாயிற்று ஆய்வுக்கே உரிய இடம் என்னும் பொதுக்கருத்தையும், சென்னை வான்நோக்ககத்தின் இந்தியப் பணியாளர்கள் கணக்கிடும் உதவியாளர்களாகவே இருந்தனர் என்னும் கருத்தையும் இக்கட்டுரை மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது.

திறவுச்சொற்கள்: மாறொளி விண்மீன், இரட்டை விண்மீன், கோடைக்கானல், சென்னை வான்நோக்ககம், இரகுநாதாச்சாரி, வைணு பாப்பு.

முன்னுரை

பழனிமலையின் கீழ்த்தொடரில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த ஆடலூரும், மேல்தொடரில் உள்ள கோடைக்கானலும் ஏறத்தாழ ஒரே அகலாங்கில், 10 பாகை வடக்கில் உள்ளன. வானியல் வரலாற்றில் இவ்வெண்ணுக்குத் தனி மதிப்பு உண்டு. ஒளிமாற்றத்தால் பெயர்பெற்ற மாபெரும் விண்மீனாகிய ஈட்டா கரினே, வான நடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 60 பாகை தொலைவில் உள்ளது. 30 பாகை வடக்கு அகலாங்குக்கு அப்பால் வாழ்வோர்க்கு அது எழுவதே இல்லை. இலண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் காண இயலாத அம்மீன், ஏப்பிரல் மாத முன்னிரவில் பழனிமலையின் தென்வானில் 20 பாகை உயரம் வரை ஏறுகிறது. சென்னையில் அது 17 பாகை உயரம் ஏறும். ஐரோப்பாவின் பெரிய தொலைநோக்கிகளுக்குக் கிட்டாத வானம் தமிழகத்தின் சிறிய கருவிகளுக்குக் கிட்டியது என்பதிலிருந்தே இவ்வரலாற்றைத் தொடங்குதல் பொருந்தும்.

‘மாறொளி விண்மீன்’ என்ற சொல் இக்கட்டுரையில் ஒளி அளவு காலப்போக்கில் மாறும் எல்லா மீன்களையும் குறிக்கும். மாற்றத்துக்குக் காரணம் பலவாகலாம். மீனின் உடல் விரிந்து சுருங்கலாம். மேலடுக்குகள் வெடித்து வெளியேறலாம். துணைமீன் ஒன்று முன்னே வந்து மறைக்கலாம். அத்துணையின் ஈர்ப்பும் காற்றும் முதன்மீனைக் கலக்கலாம். நிறை மிகுந்த மீன்களில் இவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்து நிகழ்வதால், ‘இது இரட்டையாக இருக்கலாம்’ என்ற ஐயம் நெடுங்காலம் ஐயமாகவே நின்றுவிடுகிறது. அவ்வையத்தைத் தீர்க்கப் பெரிய கருவி உதவும்; ஆனால் முதலில் வேண்டுவது இடைவிடாத பதிவு. அப்பதிவை எந்த நிறுவனம் காத்தது, எப்போது கைவிட்டது, யார் பெயரில் எழுதியது என்பவையே இங்கு எடுத்துக்கொள்ளும் வினாக்கள்.

புதுச்சேரியும் சென்னையும்

தமிழ் மண்ணிலிருந்து நிகழ்ந்த முதல் இரட்டை விண்மீன் கண்டுபிடிப்பு சென்னைக்கு உரியதன்று. 1689 டிசம்பரில் புதுச்சேரியில் ஒரு வால்மீனை நோக்கிக்கொண்டிருந்த ஏசு சபைத் துறவி ழான் ரிஷோ, ஆல்பா செந்தோரி ஒரு மீன் அன்று, இரண்டு என்று கண்டார். வானியல் நூல்கள் இக்கண்டுபிடிப்பை அவர் பெயரிலேயே வழங்குகின்றன. அது தற்செயலான காட்சி. அதைத் தொடர்ந்து அளப்பதற்கான நிறுவனம் அங்கு இல்லை.

அத்தகைய நிறுவனம் 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் அமைந்தது. 1786இல் எழும்பூரில் வில்லியம் பெட்ரி தம் சொந்த முயற்சியில் நிறுவியிருந்த கருவிகளே அதற்கு அடிப்படை. கிழக்கிந்தியக் கும்பினிக்கு வேண்டியிருந்தது கடற்பயணத்துக்கும் நில அளவைக்கும் உரிய துல்லிய நேரமும் இடக்குறிப்பும். வான்நோக்ககத்தின் கருவியைத் தாங்கிய கருங்கல் தூணில் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் அதன் தோற்றம் பொறிக்கப்பட்டது. அத்தூண் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது.

1848இல் பொறுப்பேற்ற கேப்டன் வி. ச. யாக்கோப் இரட்டை விண்மீன்களில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். 70 ஓபியூக்கி என்னும் இரட்டையின் சுற்றுப்பாதை கணக்கோடு ஒத்துவராததைக் கண்ட அவர், கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று அதற்குக் காரணமாகலாம் என்று 1855இல் எழுதினார். பிற்கால அளவீடுகள் அம்முடிவை ஏற்கவில்லை. எனினும், காணாத துணையை அதன் விளைவால் உய்த்துணரும் முறை சென்னையில் அந்நாளிலேயே கையாளப்பட்டது என்பதற்கு அது சான்று. முடிவு தவறியதால் முறையையும் சேர்த்துத் தள்ளிவிடுவது வரலாற்றாசிரியர்க்கு அழகாகாது.

அதே காலத்தில் சென்னையில் இன்னொருவரும் தென்வான இரட்டைகளை அளந்துவந்தார். மாநிலக் கல்லூரியின் முதல்வராகவும், பின்னர் சென்னை மாகாணப் பொதுக்கல்வி இயக்குநராகவும் விளங்கிய ஏ. ப. பவெல் அவர். கல்வி வரலாற்றில் நன்கறியப்பட்ட இப்பெயர் வானியல் வரலாற்றிலும் இடம்பெறுவதைத் தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. 1864இல் இலண்டன் அரச வானியல் கழகத்தின் மாத இதழில் அவர் வெளியிட்ட குறிப்பு, ஆல்பா செந்தோரி முதலிய தென்வான இரட்டைகளையும், அக்காலத்தில் ஈட்டா ஆர்கஸ் எனப்பட்ட ஈட்டா கரினேயைச் சூழ்ந்த ஒண்முகிலையும் பற்றியது.

அக்குறிப்பின் காலம் கருதத்தக்கது. 1677இல் எட்மண்ட் ஹேலி நான்காம் ஒளித்தர மீனாகக் கண்ட அது, 1837 டிசம்பரில் நன்னம்பிக்கை முனையில் ஜான் எர்ஷல் கண்முன்னே திடீரென ஒளி பெருக்கி, 1843இல் சிரியசுக்கு அடுத்த நிலைக்கு உயர்ந்தது. நம்மவர் அகத்தியர் மீன் என்று போற்றும் கானோபசையும் அது அப்போது விஞ்சியது. 1850களின் பிற்பகுதியில் மங்கத் தொடங்கி, 1860களின் இறுதியில் வெறுங்கண்ணுக்குத் தெரியாத நிலையை அடைந்தது. பவெல் எழுதியது இந்த வீழ்ச்சியின் நடுவே. அம்மீனைச் சூழ்ந்த ஒண்முகிலே வடிவம் மாறிவிட்டது என்று தாசுமேனியாவின் ஓபார்ட்டிலிருந்து பிரான்சிஸ் அபட் வாதிட, தெற்கு அகலாங்கு நோக்கர்களின் சான்று தேவைப்பட்டது. 1860களின் பிற்பகுதியில் எர்ஷலின் மகன் லெப்டினன்ட் ஜான் எர்ஷலும் பெங்களூரிலிருந்து அதை ஆராய்ந்து தந்தைக்கு எழுதினார். விவாதம் நடந்த இடம் இலண்டன். அதற்கான கண்கள் தென்னிந்தியாவிலும் தென்கடல் நாடுகளிலும் இருந்தன.

அந்நாளில் ஒளியை அளந்த முறையையும் இங்கு கூறவேண்டும். ஒளிமானி எதுவும் இல்லை. மாறும் மீனை அருகிலுள்ள மாறாத மீன்களோடு ஒப்பிட்டு, இதைவிட இத்தனை படி மிகை, அதைவிட இத்தனை படி குறை என்று கண்ணால் மதிப்பிடுவர். 17 பாகை உயரத்தில் நிற்கும் மீனின் ஒளி, தலைக்கு நேர்மேலே உள்ள மீனின் ஒளியைக் காட்டிலும் மூன்று மடங்குக்கு மேற்பட்ட காற்றைக் கடந்து வருகிறது. எனவே ஒப்பிடும் மீனும் ஏறத்தாழ அதே உயரத்தில் இருக்கவேண்டும். சென்னைக் கடற்கரையின் ஈரக்காற்றில் இது எளிய பணியன்று.

போக்சனும் இரகுநாதாச்சாரியும்

ஒளித்தர அளவுகோலுக்கு இன்றுள்ள கணித வடிவைத் தந்தவர் நார்மன் போக்சன். ஐந்து தர வேறுபாடு நூறு மடங்கு ஒளி வேறுபாட்டுக்குச் சமம், ஆகவே ஒரு தரம் 2.512 மடங்கு என்று 1856இல் அவர் முன்மொழிந்தார். அவரே 1861இல் சென்னை வான்நோக்ககப் பொறுப்பேற்று, 1891இல் மறையும் வரை முப்பது ஆண்டுகள் பணியாற்றினார். உலகெங்கும் மாறொளி மீன்களை அளக்கும் கோலை வகுத்தவர் நுங்கம்பாக்கத்தில் வாழ்ந்தார் என்பது சென்னை வரலாற்று நூல்களில் ஓரிரு வரிகளுக்கு மேல் இடம்பெறுவதில்லை.

1863 மே 20 அன்று தேள் மண்டலத்தில் புதிதாகத் தோன்றிய மீன் ஒன்றைப் போக்சன் சென்னையில் கண்டார். சில நாள்களில் அது மங்கி மறைந்தது. யூ ஸ்கார்ப்பியை எனப் பெயரிடப்பட்ட அம்மீன், பிறகு 1936, 1979, 1987, 1999, 2010, 2022 எனப் பலமுறை வெடித்து ஒளிர்ந்துள்ளது. 1.23 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றும் மறைப்பு இரட்டை அது என்பது இருபதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் உறுதியாயிற்று. அதன் ஓர் உறுப்பு, துணைமீனிலிருந்து வளிமத்தை ஈர்த்துக்கொள்ளும் வெண்குறு விண்மீன். அதன் நிறை, வெண்குறு மீன்களுக்கு இயலக்கூடிய மேல்வரம்பை நெருங்கியது என்று மதிப்பிடப்படுகிறது. ஞாயிற்று நிறையின் ஏறத்தாழ 1.4 மடங்கான அவ்வரம்பை வகுத்த சுப்பிரமணியன் சந்திரசேகர், பவெல் முதல்வராக இருந்த அதே மாநிலக் கல்லூரியில் பயின்றவர். இதைத் தற்செயல் என்றே கொள்ளவேண்டும். எனினும் குறிக்காமல் விட மனம் வரவில்லை.

சிந்தாமணி இரகுநாதாச்சாரி, பஞ்சாங்கக் கணிதத்தில் தேர்ந்த மரபிலிருந்து இளமையிலேயே சென்னை வான்நோக்ககத்தில் சேர்ந்து முதல் உதவியாளராக உயர்ந்தவர். 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை வனபர்த்தியில் நோக்கினார். 1872இல் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார். 1874ஆம் ஆண்டு வெள்ளி இடைநகர்வை முன்னிட்டு ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் விளக்கநூல் வெளியிட்டார். வாக்கிய முறைப் பஞ்சாங்கம் வானத்தோடு ஒத்துவராததைக் காட்டி, நோக்கிய இடக்குறிப்புகளின்படி திருக்கணித முறையைப் பரப்ப முயன்றார். 1880 பிப்ரவரி 5 அன்று மறைந்தார்.

1867இல் அவர் கண்டறிந்த மாறொளி மீன் ஆர் ரெட்டிகுலி. வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 63 பாகையில் உள்ள அது சென்னையில் 14 பாகை உயரத்துக்கு மேல் ஏறுவதில்லை. ஏறத்தாழ 280 நாளுக்கு ஒருமுறை ஆறரைத் தரத்திலிருந்து பதினான்காம் தரம் வரை மங்கி மீள்கிறது. போக்சன் கோலின்படி ஏழரைத் தரம் என்பது ஆயிரம் மடங்கு ஒளி வேறுபாடு. உச்சத்தில் சிறு தொலைநோக்கிக்கு எளிதில் அகப்படும் மீன், தாழ்நிலையில் அன்றைய சென்னைக் கருவிகளுக்கு முற்றிலும் மறைந்துவிடும். உச்சிக்கோட்டைக் கடக்கும் மீன்களை ஒவ்வொன்றாக நேரம் குறித்துப் பதியும் மெரிடியன் சர்க்கிள் பணியில், இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மீன் இல்லை என்பது பட்டியலை நினைவில் வைத்திருப்பவர்க்கே உறைக்கும். பெரும்பாலோர் அதைப் பதிவுப்பிழை என்று கடந்துவிடுவர்.

இந்தியர் ஒருவர் தற்கால முறையில் நிகழ்த்திய தொடக்ககால விண்மீன் கண்டுபிடிப்புகளுள் முதன்மையானதாக இது போற்றப்படுகிறது. அப்போற்றுதல் தகும். ஆனால் எழுதும்போது இரண்டு மிகைகளைத் தவிர்க்கவேண்டும். முதலாவது, ஆர் ரெட்டிகுலி நிறை மிகுந்த மீன் அன்று. அது மீரா வகையைச் சேர்ந்த முதிர்ந்த செம்பெருமீன், விரிந்து சுருங்குவதால் ஒளி மாறுவது. இரண்டாவது, போக்சனின் பெயரை நீக்கி இரகுநாதாச்சாரியின் பெயரை எழுதுவதால் மட்டும் நீதி நிறைவேறாது. வான்நோக்ககப் பதிவுகள் அலுவலரின் பெயரில் வெளிவந்தன. நோக்கிய கண் பெரும்பாலும் உதவியாளருடையது. இந்த அமைப்பை விளக்காமல் ஒரு பெயரை மட்டும் உயர்த்துவது மற்ற உதவியாளர்களை மேலும் மறைத்துவிடும். இரகுநாதாச்சாரியின் பெயர் நிலைத்ததற்கு ஒரு காரணம், அவர் தாமே எழுதினார், வெளியிட்டார் என்பது.

மலைக்கு ஏறிய நிறுவனம்

போக்சன் மறைவுக்குப் பின் பொறுப்பேற்றவர், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த சார்லஸ் மிக்கி ஸ்மித். 1876–78 பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, ஞாயிற்றின் புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற வினா அரசின் கவனத்தை ஈர்த்திருந்தது. நீலகிரியும் பழனிமலையும் ஆராயப்பட்டு, கோடைக்கானல் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1895இல் ஆளுநர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார். 1899 ஏப்பிரல் முதல் நாள் முதல் வானியல் பணி சென்னையிலிருந்து மலைக்கு மாறியது. கடல்மட்டத்துக்கு மேல் 2343 மீட்டர் உயரத்தில் அமைந்த புதிய வான்நோக்ககம் ஞாயிற்றுக்கென்றே வகுக்கப்பட்டது.

இந்த மாற்றத்தை ஒரு கருவியே தெளிவாகக் காட்டுகிறது. யாக்கோப் காலத்தில், 1850இல் சென்னையில் நிறுவப்பட்ட ஆறங்குல லெரபூர்–செக்ரத்தான் தொலைநோக்கி கோடைக்கானலுக்கு ஏற்றப்பட்டது. நாள்தோறும் ஞாயிற்றைப் படமெடுக்கும் பணி பின்னர் அதற்கு அளிக்கப்பட்டது. இரட்டை விண்மீன் ஆர்வலர் ஒருவரின் காலத்துக் கருவி, இவ்வாறு பகற்பணிக்கு மாறியது. அந்தப் படத்தொடர் நூறாண்டைக் கடந்து, உலகின் நீண்ட ஞாயிற்றுப் பதிவுகளுள் ஒன்றாக விளங்குகிறது. 1909இல் ஜான் எவர்ஷெட் ஞாயிற்றுப் புள்ளிகளில் வளிமம் வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்ததும் இம்மலையில்தான்.

ஆகவே விண்மீன் பணி புறக்கணிக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டைப் பாதியளவே ஏற்கலாம். ஞாயிறும் ஒரு விண்மீனே. அதன் மாற்றங்களை இவ்வளவு நெடிது பதிந்த நிறுவனத்தை மாறொளி ஆய்விலிருந்து விலகியது என்று கூறுவது கடினம். ஆனால் தென்வானின் மாறொளி மீன்களைப் பொறுத்தவரை இழப்பு உண்மையானது. போக்சனும் உதவியாளர்களும் முப்பது ஆண்டுகள் நோக்கிய மீன்களைத் தொடர்ந்து நோக்க ஆளில்லை. போக்சனின் மாறொளி மீன் பதிவுகள் அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு இங்கிலாந்தில்தான் தொகுத்து அச்சேறின. புனேயில் பேராசிரியர் நேகம்வாலா நிறுவிய வான்நோக்ககம் 1912இல் மூடப்பட்டபோது அங்கிருந்த 20 அங்குலப் பவநகர் தொலைநோக்கி கோடைக்கானலுக்கு வந்தது. இந்தியாவின் பெரிய விண்மீன் கருவியாக விளங்கிய அது மலையில் நெடுங்காலம் பயன்பாடின்றிக் கிடந்தது. ஈட்டா கரினே போன்ற மீனுக்கு அறுபது ஆண்டு இடைவெளி பெரிது. அதன் ஒளியும் நிறமாலையும் 5.5 ஆண்டுக்கு ஒருமுறை மாறுபடுகின்றன என்று பிரேசில் வானியலாளர் அகுஸ்து தமினேலி 1996இல் நிறுவியதும், அது இரட்டை என்ற கருத்து வலுப்பெற்றதும், பல பத்தாண்டுப் பதிவுகளை அடுக்கிப் பார்த்ததால் கைகூடியவை.

78.5 நாள்

1960இல் மணலி கல்லாட் வைணு பாப்பு கோடைக்கானலின் இயக்குநரானார். 1927இல் சென்னையில் பிறந்த அவர், ஐதராபாத் நிசாமியா வான்நோக்ககத்தில் பணியாற்றிய தந்தையிடம் வானியல் கற்றவர். மாறொளி மீன்களை நோக்கியே இத்துறைக்குள் வந்தவர். அவர் வந்தபின் மலையில் மீண்டும் இரவுப்பணி உயிர்பெற்றது. இம்முறை ஒளியின் அளவைக் காட்டிலும் ஒளியின் பகுப்பே முதன்மை பெற்றது.

அவர் தேர்ந்த மீன்களுள் ஒன்று காமா-2 வெலோரம். பழைய ஆர்கோ கப்பல் மண்டலத்தை மூன்றாகப் பிரித்தபோது ஈட்டா அதன் அடிமரத்துக்கும், காமா அதன் பாய்க்கும் உரியதாயிற்று. 1.8 ஒளித்தரத்தில் வெறுங்கண்ணுக்கு நன்கு தெரியும் இது, வுல்ஃப்–ராயே வகையில் மிக ஒளிமிக்கது. இவ்வகை மீன்கள் தம் மேலடுக்கைக் கடுங்காற்றாக வீசி எறிகின்றன. அதனால் அவற்றின் நிறமாலையில் கருங்கோடுகளுக்கு மாறாக அகன்ற ஒளிக்கோடுகள் தோன்றும். காமா-2 வெலோரத்தின் நிறமாலையில் அவற்றோடு, வெப்பம் மிக்க வேறொரு மீனுக்குரிய கருங்கோடுகளும் கலந்திருந்தன. எனவே அது இரட்டையாக இருக்கலாம் என்ற ஐயம் முன்பே எழுந்திருந்தது. சுற்றுக்காலம் தெரியவில்லை.

கா. சு. கணேஷும் பாப்புவும் இக்கோடுகள் இடம்பெயர்வதை அளந்தனர். ஒரு மீன் நம்மை நோக்கி வரும்போது அதன் கோடுகள் நீலப்பக்கமும், விலகும்போது சிவப்புப்பக்கமும் நகரும். ஒளிக்கோடுகள் ஒரு திசையில் நகர, கருங்கோடுகள் எதிர்த்திசையில் நகர்ந்தால் இரண்டும் ஒரே மையத்தைச் சுற்றுகின்றன என்று பொருள். வுல்ஃப்–ராயே மீனின் கோடுகள் அகன்று கலைந்திருப்பதால் அவற்றின் மையத்தைக் குறிப்பதே இடர். பருவமும் துணைநிற்கவில்லை. இம்மீன் நள்ளிரவில் உச்சியில் நிற்பது சனவரி இறுதியில்; வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கோடை மேகம் திரளும் வரை சில மாதங்களே கிட்டும். இரண்டரை மாதத்துக்கு மேற்பட்ட சுற்று ஒரு பருவத்துக்குள் முழுதாக இருமுறை அமைவதே அரிது.

1967இல் கோடைக்கானல் வான்நோக்கக அறிக்கைத்தொடரில் வெளிவந்த அவர்கள் கட்டுரை சுற்றுக்காலத்தை 78.5 நாள் என்று நிறுவியது. பின்வந்தோர் கண்ட மதிப்பு 78.53 நாள், வேறுபாடு முக்கால் மணி நேர அளவே. இம்மீனைப் பற்றிய பிற்கால ஆய்வுகள் யாவும் இச்சுற்றிலிருந்தே தொடங்குகின்றன. 2007இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி ஒளிக் குறுக்கீட்டுமானி கொண்டு இரு மீன்களையும் பிரித்துணர்ந்தபோது, வெப்பமீனின் நிறை ஞாயிற்றைப்போல் 28 மடங்குக்கு மேலும், வுல்ஃப்–ராயே மீனின் நிறை ஏறத்தாழ 9 மடங்கும் என்று தெரிந்தது. இன்று சிறியதாக உள்ள பின்னதே பிறப்பில் பெரியது. காற்றாக வீசியும் துணைக்கு ஈந்தும் நிறையை இழந்துவிட்டது என்பது பொதுவாக ஏற்கப்படும் விளக்கம்.

உள்நாட்டு அறிக்கைத்தொடரில் வெளிவந்த கட்டுரை ஒன்று உலக ஆய்வில் நிலைபெற்றது என்பது இன்றைய ஆய்வுச்சூழலில் எண்ணிப் பார்க்கத்தக்கது. இதழின் தரவரிசை கேட்டுப் பதவி உயர்வு வழங்கும் முறை அன்று இருந்திருப்பின், அவ்வறிக்கை மலையிலேயே எழுதி வெளியிடப்பட்டிருக்குமா என்பது ஐயமே.

கோடைக்கானலின் இரவுகள் விண்மீன் பணிக்குப் போதா என்று கண்ட பாப்பு வேறு இடம் தேடினார். மேகம் குறைந்ததும், தென்வானம் திறந்ததுமான இடம் வேண்டும், அகலாங்கையும் விட்டுக்கொடுக்கலாகாது. வேலூர்ப் பகுதியின் சவ்வாது மலையில் காவலூர் தேர்வாகி, 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு பணி தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி அங்கு நிறுவப்பட்டது. இதற்கிடையே 1971 ஏப்பிரலில் கோடைக்கானல் வான்நோக்ககம் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் என்ற தன்னாட்சி அமைப்பாயிற்று. விண்மீன்கள் சவ்வாது மலைக்குச் சென்றன. பழனிமலையில் ஞாயிறு தங்கியது. 1850ஆம் ஆண்டின் தொலைநோக்கி அங்கு ஞாயிற்றைப் படமெடுக்கும் பணியைத் தொடர்ந்தது.